கருத்தும் கவனமும்: சமண அறத்தில் வினைப்பொறுப்பு

மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள சிதறால் குன்று, கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை எனப் பெயர் பெற்றது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அது சமணப் பள்ளியாகச் சிறந்திருந்ததை ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் காட்டுகின்றன. அப்பள்ளியினர் போற்றிய கொல்லாமை அறம், கருதிச் செய்த செயலுக்கு மட்டும்தான் மனிதர் பொறுப்பாவாரா என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாதது.

பௌத்தம் இதற்குத் தெளிவான விடை தந்தது. சேதனை, அதாவது ஒன்றை நாடி மனம் முனைவதே, வினை என்று புத்தர் கூறியதாக அங்குத்தர நிகாயம் பதிவு செய்கிறது. ஆகவே, தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் பெற்ற ஊனை உண்ணும் துறவியைக் கொலைப்பாவம் பற்றாது என்பது பௌத்தர் கொள்கை. தமிழ்ச் சமணக் காப்பியமாகிய நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதங்களில் இப்புலால் உண்ணலும் ஒன்று. கொல்லும் கருத்து உண்பவரிடம் இல்லையெனினும், உண்பவர் இருப்பதால் கொலை தொடர்கிறது என்பது சமணர் நிலை.

இதனால் சமணம் மனத்தை விட்டு விளைவை மட்டும் எண்ணியது என்று கொள்வது பிழையாகும். பிரமாதத்தால், அதாவது ஆசை, சினம் முதலியவற்றால் விழிப்புத் தவறிய நிலையால், உயிரைப் போக்குவதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தரோ, கவனமின்றி நடப்பவருக்கு உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் இம்சை உறுதி என்றும், விழிப்போடு நடப்பவரைத் தற்செயலாக நேர்ந்த சாவு பிணிக்காது என்றும் பிரவசனசாரத்தில் விளக்குகிறார்.

இல்லறத்தார்க்குச் சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்லவே கருதிச் செய்வது சங்கல்பம். சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பம். உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். முதலாவதை முற்றும் விலக்கவும் ஏனையவற்றை இயன்றவரை குறைக்கவும் பணித்ததால், நாஞ்சில் நாட்டு வயலில் ஏரோட்டுபவரும் அறத்திற்குப் புறம்பானவராகவில்லை. ஆனால் மண்ணில் வாழும் உயிர்களைப் பொருட்படுத்தாதிருக்கும் உரிமையும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்நுட்பம் இன்றைக்கும் தேவையானது. பழையாற்றில் கழிவைக் கலக்கும் ஒருவர், மீன்களைக் கொல்லக் கருதவில்லை என்று உண்மையாகவே சொல்லக்கூடும். அவர் குற்றம் வேண்டுமென்றே கொல்பவரின் குற்றத்திற்கு நிகராகாது. ஆயினும் அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அறிய முயலாத மனம் அவருடையதே ஆதலால், அதன் விளைவுக்கு அவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.