இடும்பன் காவடியும் இதய நோயும்



பழனியில் படியேறும் வழியில் இடும்பனை வணங்கிவிட்டுத்தான் மேலே போவோம். அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் தோளில் சுமந்து வந்தவர் அவர். அதுதான் முதல் காவடி. காவடியின் சூட்சுமம் என்ன? ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும். ஒரு பக்கத்தைக் கழற்றினால் தோளில் நிற்காது.

இதய நோயும் அப்படி ஒரு காவடிதான். ஸ்டென்ட் வெச்சாச்சு, முடிஞ்சதுன்னு இறக்கி வைக்கிற சுமை இல்லை. ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் பத்தியம். நடுவில் தாங்கும் தண்டு முருகன் நாமம்.

நம்ம போடியில் விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க நிறைய. அவசரத்தில் மாத்திரை மறந்துபோகும். சிலர், "நல்லாத்தானே இருக்கேன், இனி முருகன் பாத்துக்குவான்" என்று நிறுத்தியே விடுகிறார்கள். ஐயா, நல்லா இருக்கிறதே அந்த மாத்திரையாலதான்! ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி அடைப்பு வரலாம். சோத்துத் தூக்கோடு மாத்திரையும் பையில் இருக்கட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. முருகன் பார்த்துக்கொள்வது இப்படித்தான்.

மறுபக்கப் பாரம் பத்தியம். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கணும். பீடி, சிகரெட் அறவே கூடாது. நடை, டாக்டர் சொன்ன அளவு.

சஷ்டி விரதமா? முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரைக்குத் தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது. படியேறினால் மூச்சு வாங்குதா? வின்ச்சில் போங்கள். மேலே அதே தண்டாயுதபாணிதான் நிற்கிறான்.

நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் "வாய்வுதான்" என்று ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

முருகனுக்குக் குகன் என்று ஒரு பெயர். இதயக் குகையில் குடியிருப்பவன். அவன் குடியிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் பூஜைதான். காலையில் திருநீறு பூசியதும் மாத்திரை டப்பாவைத் திறங்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால், "மாத்திரை போட்டீங்களா?" என்று இப்பவே ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!