தோற்ற ஆட்டங்கள்

பழையசீவரத்து மலையடியிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் மெய்க்கீர்த்தி ஒரு பகுதி. ராஜா எங்கெங்கே யாரை யாரை ஓட ஓட விரட்டினான் என்ற கதை. மற்றொரு பகுதி கணக்கு. பதினைந்து படுக்கையுள்ள ஆஸ்பத்திரி ஒன்று, அதற்கு வைத்தியர், ரண சிகிச்சை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், ஆளுக்கு என்ன சம்பளம், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எவை என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது.

மெய்க்கீர்த்தியில் எந்த ராஜாவும் தோற்றதில்லை. அது அந்த இலக்கியத்தின் லட்சணம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்து மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் கணக்குப் பகுதியைத்தான் நம்புவேன்.

என்னை இப்படி யோசிக்க வைத்தது சரித்திரம் அல்ல, சதுரங்கம். இந்த ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷ காலம் ஒரே நண்பரோடு ஆடியவர். நண்பர் தபாலாபீஸில் வேலை பார்த்தவர். காகிதத்தில் ஒரு வரி குறித்துக்கொண்டதில்லை. வாத்தியாரோ ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்தார். பதினொரு நோட்டுகள், சுமார் எண்ணூறு ஆட்டங்கள். போன வருஷம் நண்பர் காலமாகிவிட்டார். நோட்டுகளைச் செல்லரிக்குமுன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும், அதற்கு எந்த மென்பொருள் நல்லது என்று என்னிடம் கேட்டார்.

இதில் நல்லது கெட்டது பார்க்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்த சேஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. பெரிய ஆட்டக்காரர்களின் ஆயுதம். லட்சக்கணக்கான ஆட்டங்களை அலசி எதிராளியின் பலவீனத்தைத் தேடுகிறவர்களுக்கு அது கொடுத்த காசுக்கு வேலை செய்யும். எண்ணூறு ஆட்டத்துக்கு அது வேண்டாம். ஸ்கிட் என்ற இலவச மென்பொருள் போதும்; லிச்செஸ் என்ற இலவசத் தளத்திலும் ஆட்டங்களைத் தொகுத்து வைக்கலாம். எதை எடுத்தாலும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: உள்ளே போட்டதை நாளைக்கு வெளியே எடுக்க முடியுமா? செல்போனில் ஏதோ ஒரு செயலியை நம்பி மூன்று வருஷத்து ஆட்டங்களை அதற்குள் கொட்டியவரை எனக்குத் தெரியும். கடை மூடியது, ஆட்டங்களும் போயின.

வெளியே எடுக்க ஒரு பொதுப் பாஷை இருக்கிறது. 1993-ல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பவர் வகுத்தது; பி.ஜி.என். என்று பெயர். வெறும் எழுத்து, அவ்வளவுதான். எந்த மென்பொருளும் இல்லாமலே படிக்கலாம், கல்வெட்டைப் படிக்கிற மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்தின் தலையிலும் ஏழு வரிகள்: என்ன போட்டி, எந்த இடம், என்ன தேதி, எத்தனையாவது சுற்று, வெள்ளை யார், கறுப்பு யார், முடிவு என்ன. தேதி தெரியாவிட்டால் கேள்விக்குறி போடலாம். இந்தக் கேள்விக்குறியின் மேல் எனக்குத் தனி மரியாதை. தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் விட்டிருக்கிறானே!

வாத்தியாருக்கு இதெல்லாம் சுலபமாகப் புரிந்தது. தயங்கியது வேறு இடத்தில்.

"தம்பி, தட்டி ஏத்தறவன் என் பேரன். நான் பழைய முறையிலே எழுதினவன். ஒவ்வொண்ணையும் புது முறைக்கு மாத்தணும். ஜெயிச்சதை மட்டும் ஏத்தினாப் போதும் தாத்தாங்கறான். தோத்ததை யார் பார்க்கப் போறா?"

பேரன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய முறையில் அவரவர் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணுவார்கள். ஒரே கட்டத்துக்கு வெள்ளைக்காரன் ஒரு பெயர் சொன்னால் கறுப்புக்காரன் வேறு பெயர் சொல்வான். உலகச் சதுரங்க சம்மேளனம் 1981-ல் அதைக் கைவிட்டது. இன்று ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர், யார் பக்கம் உட்கார்ந்தாலும். எண்ணூறு ஆட்டத்தை அப்படி மாற்றுவது பிராணனை வாங்குகிற வேலை.

ஆனாலும் நான் ஒப்பவில்லை. 2024-ல் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலகப் பட்டம் ஜெயித்த ஆட்டங்களை உலகமே எழுதி வைத்திருக்கிறது; அவர் தோற்றதை அவரே நினைத்தாலும் அழிக்க முடியாது. தபாலாபீஸ்காரருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் ஜெயித்த ஆட்டங்கள் பூலோகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் 'வாத்தியார் தோற்றவை'. அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது நாற்பது வருஷம் தோற்பதற்கென்றே தினம் வந்து உட்கார்ந்த ஒரு மனிதர்!

கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்கார வக்கீல் இருந்தார். கிராமத்தில் ஆடிக்கொண்டிருந்த மகேஷ்சந்திர பானர்ஜி என்பவரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பெரும்பாலும் காக்ரேனே ஜெயித்தார். ஆனால் 1855-ல் ஒரு ஆட்டம். பானர்ஜி கறுப்புக் காய்களோடு, அன்று ஐரோப்பாவில் யாரும் சட்டை செய்யாத ஒரு தொடக்கத்தை ஆடினார்; அன்றும் ஜெயித்தது வக்கீல்தான். அதே தொடக்கத்தை 1922-ல் ஆடிய எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டின் பெயர்தான் இன்று அதற்கு வழங்குகிறது. 'இந்தியத் தற்காப்பு' என்று சதுரங்கப் புத்தகங்களில் வருகிற பெயருக்கு மூலபுருஷரும் பானர்ஜியே. பானர்ஜி தோற்ற அந்த ஆட்டத்தை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அவர் ஆடிய அந்தத் தொடக்கம் நமக்குத் தெரிந்திருக்காது.

கம்ப்யூட்டர் யுகத்தில் இன்னொரு சபலம் உண்டு. ஸ்டாக்ஃபிஷ் என்ற ஆட்ட இயந்திரத்திடம் கொடுத்தால் செத்துப்போனவரின் அழகான வெற்றியைக்கூட, "இருபதாவது நகர்த்தலில் இருவருமே தப்பு" என்று ஒரு நொடியில் காட்டிவிடும். கேட்கலாம், தவறில்லை. ஆனால் அதன் தீர்ப்பைத் தனிப் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூலத்தில் இரண்டு பேர் ஆடியது மட்டும் இருக்கட்டும்.

பேரன் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்றினான். நான்கு மாதம் பிடித்தது. ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று பென்டிரைவில். இடம் என்ற வரியில் எண்ணூறு தடவை பழையசீவரம்.

கடைசி நோட்டில் கடைசி ஆட்டம் பாதியில் நிற்கிறது. நண்பர் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து போனார், திரும்பி வரவில்லை. வாத்தியாருக்கு ஒரு குதிரை அதிகம். முடிவு என்ற வரியில் என்ன போடுவது என்று பேரன் கேட்டான். முடியாத ஆட்டத்துக்கு நட்சத்திரக் குறி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். வாத்தியார் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதையே போடு" என்றார்.