மேலே இருந்தவன் எதை இழந்தான்?

எட்டாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் இரண்டு காந்தத் துண்டுகளை மேஜைமேல் வைத்துக் காட்டினார். ஒத்த துருவம் விலகும், எதிர்த்துருவம் ஈர்க்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உலகத்தின் பாதிக் காதல் கதைகளை எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆணும் ஆணும் காதலிக்கிற நாவல்களிலும் இதே சூத்திரம்தான். ஒருவன் வாயாடி, இன்னொருவன் வாயே திறக்காதவன். ஒருவன் படித்தவன், இன்னொருவன் உடலுழைப்புக்காரன். முதலில் முறைப்பு, பிறகு அணைப்பு. படிக்கிறவன் ஏன் இதை நம்ப வேண்டும்?

காந்தத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் வடக்கு தெற்குக்கு மேலே இல்லை. தெற்குத் துருவம் வடக்கைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வதில்லை. மனிதர்களிடையே எதிர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பக்கவாட்டில் இல்லை, மேலும் கீழுமாக இருக்கிறது. படிப்படியாக அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது சாதியைப் பற்றி. ஆனால் எந்தச் சமூகத்தின் காதல் கதையைப் படித்தாலும் நான் அந்த அடுக்கைத்தான் முதலில் தேடுகிறேன். என் படிப்பு அப்படி. எங்க தெருவிலிருந்து வந்தவனுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது.

இ.எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்' நாவலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தேன். 1913, 14ஆம் ஆண்டுகளில் எழுதியதை அவர் தன் வாழ்நாளில் அச்சுக்குத் தரவில்லை. 1970இல் இறந்தார், 1971இல் புத்தகம் வந்தது. இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கியிருந்தது. அதே சட்டத்தில்தான் 1895இல் ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டாண்டு கடுங்காவல் கொடுத்தார்கள். 1967 வரை அது நீடித்தது. நமக்கு அதே வெள்ளைக்காரன் 1860இலேயே 377ஆம் பிரிவை எழுதி வைத்துவிட்டுப் போனான். 2018 செப்டம்பர் 6 அன்றுதான் நம் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொப்பி நடத்தும் உறவு குற்றமில்லை என்றது.

நாவலில் இரண்டு காதல். மாரிஸ் ஹால் லண்டன் பங்குத் தரகன், நடுத்தர வர்க்கத்தின் சராசரி வார்ப்பு. கேம்பிரிட்ஜில் அவனைக் காதலிக்கிற கிளைவ் டர்ஹம் ஒரு பண்ணையாரின் வாரிசு. கிரேக்க நூல்கள் படித்தவன். அறிவாளியும் மந்தமானவனும். சூத்திரப்படி இதுதான் எதிர்த்துருவம். ஆனால் கிளைவின் காதல் உடலைத் தொட மறுக்கிற காதல். பிறகு அவன் கல்யாணம் செய்துகொண்டு பண்ணையையும் அரசியலையும் பார்க்கப் போய்விடுகிறான். அவனுடைய காதல் அவனிடமிருந்து ஒரு ஏக்கர் நிலத்தைக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக அதை விட முடிந்தது.

இரண்டாவது ஆள் அலெக் ஸ்கடர். கிளைவின் பண்ணையில் வேட்டைக்காடு காக்கிற வேலைக்காரன். இறைச்சிக் கடைக்காரரின் மகன். அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறக் காத்திருப்பவன். ஒரு ராத்திரி ஏணி வைத்து மாரிஸின் அறைக்குள் ஏறி வருகிறான். இதுவரை சாதாரணக் கதை. வேலைக்காரன் எஜமானனின் ஆசைக்குக் கிடைத்தான், அவ்வளவுதானே என்று நான் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். மூட விடாமல் செய்தது அலெக்கின் கடிதம். என்னை நீ நியாயமாக நடத்தவில்லை என்கிறான். உனக்கும் டர்ஹமுக்கும் இருந்தது எனக்குத் தெரியும் என்று ஜாடையாகச் சொல்கிறான். மாரிஸுக்கு அது மிரட்டலாகத் தெரிகிறது. பாதி மிரட்டல்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்தச் சட்டமே மிரட்டிப் பணம் பறிப்பவனின் கையில் கொடுத்த ஆயுதம். வேலைக்காரனிடம் வேறு ஆயுதம் கிடையாது.

இருவரும் பிரிட்டிஷ் மியூசியத்தில் சந்திக்கிறார்கள். ஒருவனை ஒருவன் அஞ்சி, சீறி, அளந்து பார்க்கிறார்கள். அப்போது மாரிஸின் பழைய பள்ளி வாத்தியார் ஒருவர் வந்து அவனை அடையாளம் கண்டு, பெயரை நினைவுபடுத்தப் பார்க்கிறார். தப்பான பெயரைச் சொல்கிறார். மாரிஸ் மறுக்கிறான். மறுத்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லவில்லை. ஸ்கடர் என்கிறான். எதிரே நிற்கிற வேலைக்காரனின் பெயர்.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் வேண்டும்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது விடுதியில் ஒருத்தனை நேசித்தேன். அவனும்தான். அவன் நிலபுலம் உள்ள குடும்பம். நான் சேரி. அறைக்குள்ளே எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை என்று அவன் அடிக்கடி சொல்லுவான். என் தட்டில் சாப்பிடுவான், என் சட்டையைப் போட்டுக்கொள்வான். ஒருநாள் அவன் அப்பா ஊரிலிருந்து வந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். யாருப்பா இது என்றார். "நோட்ஸ் வாங்க வந்த பையன்ப்பா" என்றான். நான் எழுந்து, வாங்காத நோட்ஸை வாங்கிக்கொண்டு வெளியே போனேன். அவன் பொய்க்காரன் இல்லை. ரெண்டு பேரும் ஆம்பளைங்க என்ற பயம் அவனுக்கு இருந்தது, அது எனக்கும் இருந்தது. ஆனால் 'என் சிநேகிதன்' என்று சொல்லியிருந்தால் அந்த ரகசியம் ஒன்றும் வெளிப்பட்டிருக்காது. வேறொன்று வெளிப்பட்டிருக்கும். பண்ணை வீட்டுப் பிள்ளை யாரோடு ஒரே கட்டிலில் உட்காருகிறான் என்பது.

எனக்கு அந்தக் காதலை நம்ப முடியாமல் போனது அன்றைக்குத்தான். அதிலிருந்து காதல் கதைகளிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: மேலே இருந்தவன் எதை இழந்தான்?

கீழே இருப்பவன் எப்போதும் இழக்கிறான். அது கதைக்கு முன்பே நடந்து முடிந்த விஷயம். அலெக் கப்பலை விடுகிறான், அங்கே காத்திருந்த வேலையை விடுகிறான். மாரிஸ் வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போய் அவனைக் காணாமல் திரும்பி, பண்ணையின் படகுக் கொட்டகையில் கண்டுபிடிக்கிறான். ஆனால் மாரிஸும் விடுகிறான். வேலை, வீடு, குடும்ப கௌரவம், தன் வர்க்கம். கடைசியில் கிளைவிடமே போய் நேருக்கு நேர் சொல்லிவிட்டு இருட்டில் நடந்து போகிறான். நம்பிக்கை பிறக்கிற இடம் இதுதான். மனப்பொருத்தம், குணப்பொருத்தம் எல்லாம் ஜோசியக்காரனுக்கு. ஒரு நாவலில் எதிரெதிரானவர்கள் சேர்ந்தார்கள் என்றால் அவர்களைப் பிரித்து வைத்திருந்த மேடு எங்கே போனது என்று நாவல் கணக்குச் சொல்ல வேண்டும். மேட்டிலிருந்தவன் இறங்கினானா, அல்லது அங்கேயே நின்று கையை மட்டும் நீட்டினானா?

இரண்டாவது நிபந்தனையும் உண்டு. கீழே இருப்பவனுக்குக் கோபப்பட, மறுக்க, தீங்கு செய்யக்கூட முடிய வேண்டும். நல்லவனாகவும் விசுவாசியாகவும் மட்டுமே வருகிற ஏழைக் காதலனை நான் நம்புவதில்லை. அவனைப் படைத்தவனுக்கு ஏழையிடம் பயமில்லை, அதனால் மரியாதையும் இல்லை. அலெக்கின் மிரட்டல் கடிதத்தைச் சிலர் நாவலின் கறை என்பார்கள். எனக்கு அதுதான் அவனுடைய ஆள் அடையாளம்.

இது ஃபார்ஸ்டருக்கே பிற்பாடு உறைத்திருக்கிறது. 1921இல் அவர் தேவாஸ் சமஸ்தானத்து மகாராஜாவிடம் தனிச் செயலாளராக இருந்தார். அங்கே அரண்மனை நாவிதன் ஒருவனோடு, மகாராஜாவுக்குத் தெரிந்தே, அவருக்கு உறவு இருந்தது. மறுக்கும் உரிமையே இல்லாத ஒருவனிடம் தன் ஆசை, வலி கொடுக்கிற ஆசையாகத் திரிந்து போனதை அவரே எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகே அது அச்சானது. அலெக்கை எழுதிய அதே கை. அங்கேயும் எதிர்த்துருவம்தான்: வெள்ளை, கறுப்பு, எழுத்தாளன், நாவிதன். ஆனால் அந்த நாவிதனால் கடிதம் எழுத முடியாது, மியூசிய வாசலில் நின்று சீற முடியாது. அதை யாராவது காதல் நாவலாக எழுதினால் நான் அந்த நாவிதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிப்பேன்.

இதையெல்லாம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தோழரிடம் சொன்னேன். அவரும் எங்களைப் போன்றவர்தான். கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "காதலுக்கும் ரசீது கேக்குறீங்களா தோழர்? நாங்க செத்துப்போற கதையாவே படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு. ரெண்டு பேரு நல்லா இருந்தாங்கன்னு ஒருத்தன் எழுதுனா அதை நம்பிட்டுப் போனா என்ன?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஃபார்ஸ்டரும் அதே பிடிவாதத்தில்தான் எழுதினார். தூக்குக் கயிறோ தற்கொலையோ வைத்து முடித்திருந்தால் அச்சிடுவது எளிதாக இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தண்டனை இல்லாமல் முடித்ததுதான் குற்றம். கையெழுத்துப் படியைப் படித்த லிட்டன் ஸ்ட்ரேச்சி, இவர்கள் உறவு ஆறு வாரம் தாங்கும் என்றார். ஆனால் நாவலின் விதையே எட்வர்ட் கார்ப்பென்டர், ஜார்ஜ் மெரில் இருவரின் வீட்டில் விழுந்தது. கார்ப்பென்டர் கேம்பிரிட்ஜ் படிப்பாளி, மெரில் ஷெஃபீல்டு குடிசைப் பகுதியில் வளர்ந்த தொழிலாளி. 1898 முதல் மெரில் சாகும் 1928 வரை 30 வருஷம் ஊரறிய ஒன்றாக வாழ்ந்தார்கள். ஆறு வாரக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்த 30 வருஷம் தெரியாமல் இல்லை. நம்பத்தான் முடியவில்லை.

ஆகவே தோழருக்கு என் பதில்: நல்ல முடிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல முடிவு சும்மா கிடைத்ததாக எழுதாதீர்கள் என்கிறேன். சும்மா கிடைத்ததாக எழுதினால், கிடைக்காத நாங்கள் எங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வோம். நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

'மாரிஸ்' மீதும் எனக்குக் குறை உண்டு. அலெக்கின் மனசுக்குள்ளே நாவல் அதிகம் போகவில்லை. ஏணியில் ஏறும்போது அவன் என்ன நினைத்தான்? ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டால் திருட்டுக் கேஸ் போடுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டானா? கீழே இருந்து ஏறியவன் எழுதினால் முதல் வரியே அதுவாகத்தான் இருக்கும். அந்த நாவலை மாரிஸ்கள் எழுத முடியாது.

நோட்ஸ் வாங்க வந்த பையன்தான் எழுத வேண்டும்.