யாருக்குச் சமர்த்து?

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். வந்த விருந்தாளி தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, ‘குழந்தை இருக்கிற வீடு மாதிரியே தெரியலையே, அவ்வளவு சமர்த்து!’ என்பார். நீங்களே மார்க் வாங்கின மாதிரி சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தவன்தான்.

என் மகனை ப்ளே ஸ்கூலில் சேர்த்த ஜூன் மாதம். முதல் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறினான். ‘நீங்க கிளம்புங்க சார். நீங்க நின்னாத்தான் அழுவான். மூணு நாள்ல செட் ஆயிடுவான்’ என்றார் ஆயாம்மா. அனுபவசாலி. சொன்னபடியே நாலாம் நாள் அழவில்லை. ஷூவைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டான். ‘பழகிட்டான்’ என்று மனைவிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, நிம்மதியாக ஆபீஸ் போனேன்.

ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த நாலாம் நாள் உறுத்த ஆரம்பித்தது.

ராபர்ட்சன் டாக்டர் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட் லண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். 1948-ல் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியிடம் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் தனியாக விடப்படும் குழந்தைகளைக் கவனித்து எழுதுவது வேலை. அப்போது அங்கே பெற்றோருக்கு ஏகப்பட்ட கெடுபிடி. பல ஆஸ்பத்திரிகளில் வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் பார்க்கலாம். சொன்ன காரணம்? அம்மா வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே அம்மாதான் பிரச்னை!

நர்ஸ்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. நல்லது என்று நம்பித்தான் செய்தார்கள். ராபர்ட்சன் கட்டிலோரமாக உட்கார்ந்து பார்த்தார். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறது. அப்புறம் நம்பிக்கை போய்ச் சுருண்டு கிடக்கிறது. கடைசியில், யார் வந்தால் என்ன, போனால் என்ன என்று ஒரு விலகல். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் வார்டில் ‘செட் ஆயிடுச்சு’ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை. படமெடுத்துக் காட்டினார். 1952-ல் வந்த படம். லாரா என்ற இரண்டரை வயதுக் குழந்தை. தொப்புளில் சின்ன ஆபரேஷன். எட்டு நாள் ஆஸ்பத்திரி. லாரா அதிகம் அழுவதில்லை என்பதுதான் விசேஷம். முகத்தை இறுக்கிக்கொள்கிறாள். நடுநடுவே அம்மாவைக் கேட்கிறாள். வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான்களை எல்லாம் ஞாபகமாக எடுத்துக்கொள்கிறாள். அம்மாவின் கையை மட்டும் பிடிக்க மறுக்கிறாள்.

படத்தைப் பார்த்த டாக்டர்களில் பலருக்குக் கோபம் வந்தது. எங்களைக் கேவலப்படுத்துகிறார் என்று. பெற்றோர் வருவதைத் தடுக்காதீர்கள் என்று பிளாட் கமிட்டி அரசுக்குச் சொன்னது 1959-ல். அது எல்லா வார்டுக்கும் வந்து சேர இன்னும் பல வருஷம் பிடித்தது.

நான் பி.காம். எனக்கு மனோதத்துவம் தெரியாது, பேரேடு தெரியும். கடன் கொடுத்தவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார் என்பதற்காக, கடன் அடைந்துவிட்டதாக எழுத முடியுமா? நான் அந்த நாலாம் நாள் அப்படித்தான் எழுதினேன்.

இதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் யாரும் ராஜினாமா எழுத வேண்டாம். (அப்பாக்களை யாரும் இந்தக் கேள்வியே கேட்பதில்லை, கவனித்தீர்களா?) பௌல்பியோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த், பின்னால் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதுக் குழந்தை, ஓர் அறை, பொம்மைகள். அம்மா சில நிமிஷம் வெளியே போய்விட்டுத் திரும்ப வருவார். எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகக் கவனித்தது, அம்மா போவதை அல்ல, திரும்பி வருவதை. அழுத குழந்தை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி விளையாடப் போனால் அதற்கு அம்மா மேல் நம்பிக்கை இருக்கிறது. சில குழந்தைகள் அழுவதே இல்லை. அம்மா வந்தாலும் பொம்மையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பார்க்கிறவர்கள் ‘என்ன தைரியம்!’ என்பார்கள். பிற்பாடு அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். அது எகிறிக்கொண்டிருந்தது.

அழுகிற குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது தப்பா என்று என்னைக் கேட்டால், இல்லை. போய்த்தான் ஆகவேண்டும். ஆனால், ‘அங்க பாரு காக்கா’ என்று ஆயா திசைதிருப்ப, பின்பக்கமாக நழுவுகிறோமே, அது? சொல்லிவிட்டுப் போனால் அழும். சொல்லாமல் போனால் அழாது. யாருக்கு வசதி என்பதைப் பொறுத்துத்தான் நாம் இரண்டாவதைச் செய்கிறோம். அந்த அழுகை என்னிடம் சொல்லப்படும் ஒரு விஷயம். அதைக் கேட்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்து, அதற்குக் குழந்தையின் நன்மை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பக்கத்து ஃப்ளாட் பெரியவர் லிஃப்டில் அலுத்துக்கொண்டார். பேரன் இப்போதுதான் ப்ளே ஸ்கூல் போகிறான். ‘அங்க ஆயாகிட்ட சமர்த்தா இருக்கானாம் சார். சாயங்காலம் எம் மருமக கேட்ல போய் நின்னதும் ஓன்னு அழறான். அவளைக் கண்டாத்தான் இந்த அழுகை. செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா.’

‘அழுதுட்டு என்ன பண்றான் சார்?’

‘என்ன பண்ணுவான், அவ இடுப்புல ஏறிப்பான். தெருமுனை திரும்பறதுக்குள்ள பலூன் வேணும்பான்.’

‘வாங்கிக் குடுங்க’ என்றேன்.