வலியவர்க்கு வழிவிடலாமா?

பொங்கலை ஒட்டி வடமதுரை வட்டாரச் சிற்றூர்களில் கபடிப் போட்டி நடைபெறும்போது, அணிகளின் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வது நாம் கண்டு பழகிய வழக்கம். சீட்டு முகம் பார்ப்பதில்லை. ஆகவே எவரும் குறை சொல்வதுமில்லை. ஆயினும் வலிமை மிக்க இரண்டு அணிகள் முதற் சுற்றிலேயே மோத நேர்ந்தால், ஆண்டு முழுதும் பயின்ற ஓர் அணி பொழுது விடியுமுன் ஊர் திரும்பும். அது நீதியாகுமா?

இக்குறையைப் போக்கவே பெரும் போட்டிகளில் தரவரிசைப்படி இடம் ஒதுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'விதைத்தல்' என்றே பெயர். விதை ஊன்றும் உழவர் இடைவெளி விடுவதுபோல, வலியவர்களை அட்டவணையில் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். விம்பிள்டன் டென்னிசில் இம்முறை 1927 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

2023-இல் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பைச் சதுரங்கத்தில் 206 பேர் கலந்துகொண்டனர். வரிசையில் முதல் 50 பேருக்கு முதற் சுற்று ஆட்டமே இல்லை. எஞ்சிய 156 பேர் தங்களுக்குள் மோதி, 78 பேராகக் குறைந்த பின்னரே அவர்களைச் சந்திக்க முடிந்தது. உள்ளவர்க்கே மேலும் கொடுப்பதன்றோ இது என்று கேட்கத் தோன்றும். நம் சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தாவும் 31-ஆம் இடத்தவராக அச்சலுகையைப் பெற்றவரே. ஆனால் அதே அட்டவணை, நான்காம் சுற்றில் இரண்டாம் இடத்து நகமுராவை அவர் எதிரே நிறுத்தியது. கணக்கின்படி அங்கே அவர் தோற்றிருக்க வேண்டும். 18 வயது இளைஞர் அவரை வென்றார். அரையிறுதியில் மூன்றாம் இடத்துக் கருவானாவையும் வென்றார். இறுதியில்தான் முதலிடத்துக் கார்ல்சனிடம் தோற்றார். வரிசை அவருக்குக் கடினமான வழியைத் தந்ததேயன்றி, கதவை அடைக்கவில்லை. முன்னர் ஆடி ஈட்டிய இடத்திற்கு இவ்வளவு மதிப்புத் தருவது அநீதியன்று என்றே நாம் கருதுகிறோம்.

நம்மை உறுத்துவது வேறொன்று. வரிசையில் இடம்பெற, தரப்புள்ளி வழங்கும் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், பேருந்துச் செலவு, வெளியூரில் தங்குமிடம், உடன் செல்லும் தகப்பனின் ஒரு வாரக் கூலி என்று பணம் கரையும். திறமை இருந்தும் அச்செலவைத் தாங்காத குடும்பத்துப் பிள்ளைக்குக் கடைசி இடமும் கிடைப்பதில்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலையை நாம் பெருமையோடு பேசுகிறோம். அங்கும் குடத்திலிருந்து ஓலை எடுத்தது ஒரு சிறுவனே. ஆயின் பெயர் குடத்திற்குள் விழ, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். கற்றவர்க்கு அரைக்கால் வேலி போதும். நிலமற்றவன் பெயரை எந்தச் சிறுவனாலும் எடுத்திருக்க முடியாது.

நம் ஊர்ப் போட்டிகளில் சென்ற ஆண்டு அரையிறுதி கண்ட நான்கு அணிகளை நான்கு திசையில் வைத்துவிட்டு, மற்றவற்றுக்குச் சீட்டுக் குலுக்கலாம். முதன்முறை ஆட வரும் காலனித் தெரு அணிக்கு நுழைவுக் கட்டணத்தை நீக்கலாம். அதற்காகும் தொகையைப் பரிசுக் கோப்பையின் உயரத்தைச் சற்றுக் குறைத்தே ஈடுகட்டிவிடலாம்.