கலையும் கூலியும்

மனம் விரும்பிப் பயிலும் கலைக்குக் கூலி வாங்கலாமா என்ற கேள்வி பழையது. ஆடுவோருக்கும் பாடுவோருக்கும் நெல்லும் நிலமும் வழங்கிப் போற்றிய நாடு நம்முடையது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடற்பணி புரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்த செய்தியை, அவர்களுடைய பெயர்களோடு இராசராசன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆகவே கலைக்குக் கூலி என்பது நமக்குப் புதிதுமன்று, இழிவுமன்று. ஆயினும், வாரமெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவும் கையுமாகத் தில்லித் தெருக்களில் அலையும் என் போன்ற எழுத்தனுக்கு, இக்கேள்வி ஒரு நாள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அது எனக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவியைப் பற்றி. புகைப்படப் பித்துக் கொண்டவரைப் பீடிக்கும் முதல் நோய் கருவி மோகமே. சாந்தினி சவுக்கில் கூச்சா சௌத்ரி என்ற காமிராச் சந்தை உண்டு. சம்பளத் தேதியை அடுத்த சனிக்கிழமைகளில் அங்கே சென்று, வாங்க இயலாத லென்ஸுகளைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து வருவது என் வழக்கம். எஃப் 1.8 லென்ஸைக் காட்டிலும் எஃப் 1.4 லென்ஸ் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான ஒளியை உள்ளே விடும். விலையோ பெரும்பாலும் அந்த விகிதத்தைக் கடந்து ஏறிவிடும். அந்த ஒளி நமக்குத் தேவைதானா என்று மனம் கேட்பதில்லை. 1948 ஜனவரியில் இதே தில்லியில் காந்தியடிகளை அவருடைய இறுதி நாளில் கண்டு படமெடுத்த பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன், தம் வாழ்நாட்பணியின் பெரும்பகுதியைச் சிறிய லைக்கா காமிராவையும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸையும் கொண்டே முடித்தார். அதை நினைத்து நினைத்து என் மோகத்தை அடக்கிக் கொள்வேன்.

ஆனால் இந்த ஆறுதல் தனக்காகப் படமெடுப்பவனுக்கே பொருந்தும். திருமணத்திற்குக் கூலி பேசிச் செல்பவன் இரண்டு காமிராக்களைச் சுமந்தாக வேண்டும். ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று வேலை செய்ய வேண்டும். ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் வசதியும் இருந்தால் நலம். இது ஆடம்பரமன்று. மாலை மாற்றலையும் மாங்கல்ய தாரணத்தையும் ‘இன்னொரு முறை’ என்று கேட்க முடியாது அல்லவா? ஆகவே, எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்வியின் உள்ளே, நான் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

இக்கேள்விக்கு இரு துருவங்களாக நிற்கும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது பொழுதுபோக்காகப் புகைப்படம் பழகியவர். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை என நம் ஊர்களெல்லாம் சென்று படமெடுத்தார். நான் முன்பு சொன்ன தஞ்சைக் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக ஒட்டினார். பின்னர் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவு கருதி அப்பணியை நிறுத்தினார். அதன்பின் டிரைப் படமெடுப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

மற்றொருவர் அமெரிக்காவில் வாழ்ந்த விவியன் மேயர். சிகாகோ நகரில் பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்துப் பிழைத்த அவர், தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். எதையும் விற்கவில்லை, ஏறக்குறைய எவருக்கும் காட்டவில்லை, பல சுருள்களைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலம் போன பிறகே உலகம் அவற்றைக் கண்டது. 2009-இல் அவர் மறைந்தார். ஒருவர் கூலி நின்றதும் கலையை ஏறக்குறைய நிறுத்தினார். மற்றவர் கூலியின் பக்கமே திரும்பவில்லை. நெடுங்காலம் நான் இரண்டாமவரையே உயர்ந்தவராகக் கருதி வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒருவர், தம் மகளின் திருமணத்துக்கு என்னையே படமெடுக்க அழைத்தார். “சார், வெளியாளுக்குக் கொடுப்பதை உங்களுக்கே கொடுக்கிறேனே” என்றார். மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964-இன் பதினைந்தாம் விதி, கலைசார்ந்த பணியை எப்போதேனும் செய்வதற்கு, அலுவலுக்கு இடையூறு நேரக் கூடாது என்ற நிபந்தனையோடு, இடம் தருகிறது. வணிகமாகச் செய்வதற்கு முன் அனுமதி வேண்டும். இது எவ்வகை என்று ஐயம் தோன்றியதால், எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றே சம்மதித்தேன். அவர் தந்த முன்பணத்தில், பல நாள் கனவாக இருந்த 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை வாங்கினேன்.

திருமணத்தன்று அந்த லென்ஸ் என்னை ஆட்கொண்டது. அதன் துளையை முழுவதும் திறந்து வைத்து இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், சுமார் 6 செ.மீ. ஆழத்துக்குள் இருப்பது மட்டுமே கூர்மையாக விழும். மற்றதெல்லாம் பனியில் கரைந்தது போல் மங்கிவிடும். குத்துவிளக்கின் சுடரையும், மணமகளின் இமையையும், மருதாணிக் கையையும் எடுத்து எடுத்து மகிழ்ந்தேன். கும்பகோணத்திலிருந்து இரண்டு இரவுகள் ரயிலில் வந்திருந்த பெண்ணின் பாட்டி, முன்வரிசை நாற்காலியிலிருந்து, “தம்பி, என்னையும் ஒண்ணு பிடிப்பா” என்று கேட்டார். “இதோ வருகிறேன், பாட்டி” என்றேன். போகவில்லை.

நான்கு மாதங்களில் அந்த மூதாட்டி காலமானார். பதின்மூன்றாம் நாளுக்கு மாட்டி வைக்க ஒரு படம் வேண்டுமென்று பெண்ணின் தந்தை வந்து கேட்டார். இரவு முழுவதும் உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தேடினேன். ஒரே ஒரு படத்தில் அவர் இருந்தார். மணமகளின் ஜிமிக்கி முத்து முத்தாகத் தெரிய, அதன் பின்னே வெண்தலையும் அரக்குப் புடைவையுமாக ஒரு மங்கல். கண்கள் எங்கே என்று தெரியவில்லை. பிறர் எல்லோரும் வியந்து பாராட்டிய படம் அதுதான். மறுநாள் கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு சென்றேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். “நீங்கள் என்ன செய்வீர்கள், சார்; கூட்டம்” என்றார். அந்தப் பெருந்தன்மை கடிந்துரைத்திருந்தால் உறைத்திருப்பதைவிட அதிகமாக உறைத்தது.

கூலி வாங்கியதால்தானே இந்தப் பழி என்றும், இலவசமாக எடுத்திருந்தால் கேட்பார் யார் என்றும் மனம் முதலில் சமாதானம் தேடியது. சற்று நிதானித்தபோது அது பொய்யென்று விளங்கிற்று. இலவசமாக எடுத்திருந்தாலும் அந்த மூதாட்டியின் கண்கள் அப்படியேதான் மங்கியிருக்கும். என்னைக் குறை சொல்லும் உரிமை மற்றவர்க்கு இல்லாமற் போயிருக்கும், அவ்வளவே. பிறர் வீட்டு மங்கலத்தில் காமிராவைத் தூக்கிய கணத்திலேயே கடன் பிறந்துவிடுகிறது. கூலி அக்கடனை உண்டாக்குவதில்லை. அதை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. ‘நான் காசுக்காகச் செய்பவனல்லன்’ என்ற பெருமிதத்தில், ‘ஆகவே எவருக்கும் பொறுப்பல்லன்’ என்ற சோம்பலும் கலந்திருக்கக் கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

விவியன் மேயரை இன்றும் வணங்குகிறேன். அவர் தமக்காக எடுத்தார். எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. டிரைப்பையும் இப்போது குறைத்து மதிப்பதில்லை. தஞ்சையின் கல்லெழுத்தைப் படிக்க வேண்டியவர்கள் படிக்கும்படி எடுத்துக் கொடுப்பது அவர் ஏற்ற பணி. அதை 19 அடி நீளத்துக்கும் செய்து முடித்தார். என் பிழை கூலி வாங்கியதன்று. பிறருக்கென்று வாங்கிய பொழுதை எனக்கென்று செலவிட்டதே பிழை.

இப்போதும் ஆண்டுக்கு ஓரிரு முறை, முறைப்படி அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு, திருமணங்களுக்குச் செல்கிறேன். காமிராக்கள் இரண்டு, ஒன்று வாடகைக்கு எடுத்தது. முன்பணம் வாங்கும்போதே வந்திருக்கப் போகும் முதியவர்களின் பெயர்களை ஒரு தாளில் கேட்டு எழுதிக் கொள்கிறேன். மேளம் தொடங்குமுன், அவர்களை ஒவ்வொருவராக வெளிச்சத்தில் உட்காரவைத்து, துளையை எஃப் 8 வரை சுருக்கி, கண்ணும் காதோலையும் சுருக்கமும் தெளிவாகத் தெரிய எடுத்துவிடுகிறேன். அவற்றில் கலை இருப்பதாக யாரும் சொல்வதில்லை. அந்த வேலை முடிந்த பின்னரே 85 மி.மீ. லென்ஸைப் பையிலிருந்து எடுக்கிறேன்.