கொடுக்க மறுக்கும் உரிமை

1995இலிருந்து 2021 வரை இந்தியாவில் 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் பதிவாகியுள்ளன. உறுப்பைப் பெற்றவர்களில் ஆண்கள் 29,695 பேர், பெண்கள் 6,945 பேர். கொடுத்தவர்கள் பக்கம் திரும்பினால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 2023இல் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகமோ கல்லீரலில் ஒரு பகுதியோ கொடுத்த ஏறத்தாழ 15,400 பேரில் 9,784 பேர் பெண்கள். அம்மா மகனுக்கு, மனைவி கணவருக்கு, அக்கா தம்பிக்கு. தியாகம் என்று போற்றிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடிந்த இடத்தில் கொடுத்தால்தான் அது கொடை. அப்படிச் சொல்ல இவர்களால் முடிகிறதா?

நோயாளிக்கு இது உயிர்ப் பிரச்சினை. டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் ஃபிஸ்டுலா எனும் ரத்தக்குழாய் இணைப்பில் இரண்டு பெரிய ஊசிகள், படுக்கும் முன் ஒரு எடை, எழுந்ததும் ஒரு எடை, குடிக்கும் தண்ணீருக்கு டம்ளர் கணக்கு. அரசுக் காப்பீடு சிகிச்சைச் செலவை ஏற்றாலும், பஸ் செலவும் போன வேலைநாளும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. அதனாலேயே பலர் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்கக் காத்திருப்போர் பட்டியலை வைத்து 1999இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இறந்தவரின் சிறுநீரகம் கிடைத்தவர்களுடைய நீண்டகால இறப்பு விகிதம், டயாலிசிஸில் காத்திருந்தவர்களுடையதைவிட 48 முதல் 82 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. உயிருள்ளவர் கொடுக்கும் சிறுநீரகமோ சராசரியாக அதைவிடவும் நீண்ட நாள் உழைக்கிறது. இது தெரிந்த குடும்பம் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைக் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. சாவைப் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள்.

ஆண் பெண் இடைவெளி முழுவதையும் வற்புறுத்தல் என்ற கணக்கில் எழுதுவதும் நியாயமாகாது. டயாலிசிஸ் வரை வருகிறவர்களில் ஆண்களே அதிகம். பிள்ளை பெற்ற பெண்ணின் ரத்தத்தில் கணவரின் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் உருவாகியிருக்கக்கூடும். கணவர் கொடுக்க முன்வந்தாலும் பொருத்தம் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை தட்டிவிடலாம். மனைவி கொடுக்கும்போது இந்தத் தடை இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் நலமாக இருக்கும் அண்ணனும் தம்பியும் வளர்ந்த மகனும் ஏன் பின்வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்கு எந்த ரத்தச் சோதனையும் பதில் சொல்லாது. “அவன் சம்பாதிக்கிறவன், அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா?” என்ற பேச்சுதான் பதில் சொல்லும்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவர் சுயமாகச் சம்மதித்தாரா என்பதை உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அந்த ஒருவர் மாமியாராகவோ கொழுந்தனாகவோ இருக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை. கேட்கிற நேரமும் தவறு. நகையெல்லாம் அடகுக்குப் போய், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் முடிந்து, ஆபரேஷனுக்கு நாளும் பேசியாகிவிட்ட பிறகு, “யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லையென்றுதான் தலையாட்டுவார். வெளியே பெஞ்சில் மாமியார் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டுக்குத்தான் இவரும் திரும்பிப் போக வேண்டும்.

தனியாக, தாழ்ந்த குரலில், “எனக்கு இஷ்டமில்ல டாக்டர், வெளியே சொல்லிடாதீங்க” என்று ஒரு பெண் சொன்னால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? “உங்க மனைவியோட கிட்னி சரிப்படாது” என்று குடும்பத்திடம் சொல்லி அவரைக் காப்பாற்றும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அதைக் குறை சொல்கிறவர்களின் வாதமும் வலுவானதே. கணவரும் அதே மருத்துவமனையின் நோயாளிதான். அவரிடம் பொய் சொல்லலாமா? இல்லாத நோயை ஒரு பெண்ணின் தலையில் கட்டினால் அதுவே அவருக்குப் பழியாகத் திரும்பாதா? நம் ஊரில் இது வெறும் கற்பனை அல்ல. ‘அவளுக்கு ஏதோ கோளாறு’ என்று வாய்கள் சொல்லத் தொடங்கினால் அது நாளைக்கு அவர் மகளின் கல்யாணப் பேச்சு வரை நீளும்.

பொய்யே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. கொடையாளரின் முடிவுகள் அவருடைய சொத்து, குடும்பத்துக்குப் ‘பொருத்தம்’ அல்லது ‘பொருத்தமில்லை’ என்று மட்டுமே சொல்வோம், காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று மருத்துவமனை முதல் நாளே எல்லோரிடமும் அறிவித்துவிட வேண்டும். மனம் ஒப்பாதவர் கொடையாளராகப் பொருத்தமில்லாதவரே. ரத்தவகை பொருந்தாதவரைப் போல. இப்படி வகுத்துவிட்டால் மருத்துவர் சொல்வது முழு உண்மை. கணவரை யாரும் ஏமாற்றவில்லை, மனைவியையும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

உயிர் போகிறதே, மனைவிக்குக் கடமையில்லையா என்ற கேள்வி மிஞ்சுகிறது. கடமை உணர்ந்து கொடுப்பவரை வணங்கத்தான் வேண்டும். கேட்டு வாங்கும் உரிமையோ கணவர் உட்பட யாருக்கும் கிடையாது. ஆபத்து சிறிதுதான், ஆனால் இல்லாததல்ல. 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின் மதிப்பீட்டில், ஒரு சிறுநீரகம் கொடுத்த 10,000 பேரில் வாழ்நாளில் 90 பேருக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். அதேபோல ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் அது 14. கொடுத்தபின் கருவுறும் பெண்களுக்குப் பேறுகாலத்து ரத்தக் கொதிப்புத் தொல்லை 100க்கு 11 பேருக்கும், கொடுக்காதவர்களில் 5 பேருக்கும் வந்ததாக 2015இல் ஒரு கனடா ஆய்வு காட்டியது. பிள்ளை பெறும் வயதில் இருப்பவருக்கு இந்த எண்களை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து, சம்மதம் ஆகாது.

வீட்டுக்குள் இந்த நெருக்கடி கூடுவதற்கு வெளியே உறுப்பு கிடைக்காததும் காரணம். ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேலானோர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகும் நாட்டில், 2023இல் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு கொடுத்தவர்கள் 1,099 பேர். அதே ஆண்டு அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்குக்குத் தமிழக அரசு அரசு மரியாதை அறிவித்தது. பெருமைக்குரிய முடிவு. உயிரோடு கொடுத்துவிட்டு, தழும்போடு மறுபடி குடம் தூக்குகிற பெண்ணுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனையும், குணமாகும் வாரங்களுக்கான கூலியும் அரசு உறுதிசெய்தால் அதுவும் மரியாதைதான்.

சிறுநீரக மாற்று செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் முதல் ரத்தச் சோதனைக்கு முன்பே, குடும்பத்தார் யாரும் இல்லாத அறையில், நோயாளியின் சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒருவரைக்கொண்டு கொடுக்கப்போகும் பெண்ணிடம் பேச வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. இந்த மாதமே தொடங்கலாம்.